நான் ஊட்டிய முதல் சோறு

அந்த அரிசியில் காட்மியம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தச் சோற்றை என் விரலால் எடுத்து ஆறு மாதக் குழந்தையின் வாயில் வைத்தேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி எழுதப் போவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பது மட்டுமே. படித்து முடித்ததும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை... கேட்க எனக்கு உரிமையும் இல்லை. மன்னிக்க வேண்டியவளுக்கு இன்னும் பேச்சே சரியாக வரவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை நான் தமிழில் எழுதுவது மொழிப்பற்றினால் அல்ல. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் கற்றுக்கொடுத்தது. மலையாளத்தில் என் கை இன்னும் வேகமாக ஓடும். ஆனால் மலையாளத்தில் எழுதினால் அந்தக் குழந்தையின் வீட்டார் படித்துவிடுவார்கள். தமிழ் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் ஒளிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்கிறேன். என் யோக்கியதை இதுதான்.

என் பெயர் பத்மா. நாற்பத்து நான்கு வயது. கணவர் கண்ணன், எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சுக்குக் கிடங்கில் எடை போடுகிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வைட்டிலாவுக்குப் பக்கத்தில் ஒரு மண், பயிர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு வருடமும் மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, போடாவிட்டால் இல்லை. காலையில் மட்டாஞ்சேரியில் பஸ் ஏறினால் சுள்ளிக்கல், தோப்பும்படி வழியாகப் போக வேண்டும். சுள்ளிக்கல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு தடவை நான் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொள்கிற இடம் அது.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை நாற்றுகளோடு. கெட்ட உலோகங்கள் கலந்த மண்ணில் நெல் விதைத்தால் நாற்று தேறாது. நுனி மஞ்சளிக்கும். வேர் வெள்ளையாக நீண்டு போக வேண்டியது, எரிந்த தீக்குச்சி மாதிரி கறுத்துக் குட்டையாக நின்றுவிடும். அந்த நாற்றை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் எங்கள் ஆய்வு. விதையை ஒரு பகல் முழுக்க சாலிசிலிக் அமிலம் என்ற பொடியை மிகக் கொஞ்சமாகக் கரைத்த தண்ணீரில் ஊறவைப்போம். தலைவலிக்குச் சாப்பிடுகிற மாத்திரைக்கு உறவுக்காரப் பொடி அது. பிறகு நாற்றங்காலில் உமிச்சாம்பல் தூவுவோம். இப்படி வளர்ந்த நாற்று உலோகம் தாக்கும்போது பதறாது. பச்சையாகவே நிற்கும்.

பதறாது என்றுதான் சொன்னேன்... உலோகம் உள்ளே வராது என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தில்தான் நான் விழுந்தேன்.

வேலாயுதன் சேட்டனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆலுவாவுக்கு அப்பால், ஆற்றோரத்தில் அவருக்கு ஒரு வயல். ஒரு வெள்ளத்துக்குப் பிறகு அந்த வயலில் கறுத்த வண்டல் தங்கிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதற்குப் பின் போட்ட நாற்றெல்லாம் மஞ்சளித்துச் செத்தது. மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். சோதித்துப் பார்த்தவள் நான்தான். காட்மியம்.

இளவயதில் லாரியில் கிளீனராகப் பொள்ளாச்சிக்குப் போய்வந்த பழக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் பேச வரும். நான் தமிழ்க்காரி என்று தெரிந்த நாள் முதல் என்னோடு அந்த அரைத் தமிழில்தான் பேசுவார்.

"டீச்சரே, இதுக்கு மருந்து வல்லதும் உண்டோ? இல்லேன்னா சொல்லிடு. நான் வயலைத் தரிசாப் போட்டுக்கறேன்."

"நான் டீச்சர் இல்லை சேட்டா. சும்மா லேப்ல வேலை பாக்கறவ."

"எனக்கு டீச்சர் போதும்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு மயங்கினேன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! ஆய்வுக்கூடத்தில் பத்து வருடமாக என்னை எல்லோரும் "பத்மா, அந்தத் தட்டைக் கழுவு" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கள் சார், அதாவது ஆய்வுத் தலைவர், சேட்டனுடைய வயலின் ஒரு மூலையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை இருந்தது. அந்த மூலையில் விளைகிற நெல்லை யாரும் உண்ணக் கூடாது. அறுத்ததும் மாதிரி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட வேண்டும். சேட்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைப் படித்துக் காட்டியவளும் நான்தான். அது ஆய்வுக்கூடத்துச் சட்டம், மருந்து போட்டால் நெல் சரியாகிவிடும் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார், நானும் விளக்கவில்லை.

மூலையில் எங்கள் நாற்று பச்சைப்பசேல் என்று எழுந்தது. பக்கத்தில் அவர் தன் போக்கில் போட்ட நாற்றங்கால் வழக்கம்போல மஞ்சளித்துக் கிடந்தது. வரப்பில் நின்று இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். மறுபடி விதைத்தால் பருவம் தப்பாமலிருக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு சாக்கு விதைநெல்லோடு சேட்டன் இறங்கினார்.

"அந்த மூலைக்கு மட்டும் மருந்து. மத்த கண்டம், மத்த வயல் எல்லாம் என்ன பாவம் செஞ்சுது, டீச்சரே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது என்று. சார் அனுமதிக்க மாட்டார் என்று. மணியைச் சோதித்துப் பார்க்கும்வரை காத்திருங்கள் என்று. எல்லாம் தெரியும் எனக்கு! ஒன்றையும் சொல்லவில்லை. அன்று ஆய்வுக்கூடத்துக்குப் போய் பொடி இருந்த பாட்டிலைத் திறந்து, மாத்திரை போடுகிற காகித உறையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் விடுப்பு எடுத்தேன். மொட்டைமாடியில் தண்ணீர் பிடித்துவைக்கிற நீல டிரம்மில் அந்த விதையை ஊறப்போட்டேன். கண்ணன்தான் சாக்கைத் தூக்கிக் கொட்டினார். பக்கத்துக் கிடங்குகளில் காய்கிற சுக்கின் நெடியில் அவர் தும்மியது இப்போதும் காதில் இருக்கிறது.

சேட்டன் டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கக் காவல் இருந்தார். இடையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுச் சொன்னார்:

"சிந்துவுக்குப் பெண் குட்டி பிறந்திட்டுண்டு, தெரியுமோ? பதினஞ்சு நாள் ஆச்சு. குட்டிக்குச் சோறூணு நம்ம கண்டத்து அரிசியில்தான். வேறே அரிசி வேண்டா."

சோறூணு என்பது குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற சடங்கு. சிந்து அவருடைய ஒரே மகள். கல்யாணமாகிச் சுள்ளிக்கல்லில் இருக்கிறாள்.

அந்த வார்த்தையை நான் அன்றே கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். பின்னால் தெரியவந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. விதை முளைவிடும் முன்பே அந்த நெல் யார் வாய்க்குப் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். நான் சிரித்துக்கொண்டு "சரி சேட்டா" என்றேன்.

வயல் முழுக்கப் பச்சை. ஆலுவா வரை பஸ்ஸிலும் அப்புறம் ஆட்டோவிலும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். வெள்ளை வேர், விரல் நீளத்துக்கு! பிள்ளை பெறாத எனக்கு அந்த வயலைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நாற்றங்காலின் படத்தைத்தான் போனின் முகப்பில் வைத்திருந்தேன். இப்போது அங்கே வெறும் கறுப்புத் திரை.

மகர மாதத்தில், அதாவது தையில், அறுவடை. சோதனை மூலையின் நெல்லைத் தனியாக அறுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம். நான் இன்னொரு காரியமும் செய்தேன். சேட்டனின் சொந்த நெல்லில் ஒரு பிடியை எடுத்து, ஓர் எண் எழுதி, மற்ற மாதிரிகளோடு சேர்த்து வைத்தேன். நல்ல முடிவு வரும், பிறகு தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை... இல்லை, பொய். பயம். அப்போதே பயம் வந்துவிட்டிருந்தது.

முடிவு வந்தது. மூலை நெல்லிலும் சரி, சேட்டனின் நெல்லிலும் சரி, காட்மியம் உண்ணத் தகுந்த அளவைத் தாண்டியிருந்தது.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நாத்து பிழைச்சுது, மணி போச்சு. நல்ல வேளை பத்மா, அதை யாரும் தின்னலை."

நான் தலையாட்டினேன்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மஞ்சளித்துச் செத்த அந்த நாற்று இருக்கிறதே, அது சேட்டனுக்கு ஓர் உபகாரம் செய்துகொண்டிருந்தது. இந்த மண் வேண்டாம், இதில் விளைவதைத் தின்னாதே என்று அவருக்குத் தெரிகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. நான் போய் அதன் வாயை அடைத்தேன். நோவை வெளியே காட்டாமல் நிற்க அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். அது பச்சையாக நின்றுகொண்டு உலோகத்தை வேரிலிருந்து தண்டுக்கும் தண்டிலிருந்து மணிக்கும் ஏற்றிக்கொண்டது. நெல் என்ன செய்யும்? நான் கேட்டதைத்தான் செய்தது.

உடனே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னைத் தினமும் கேட்கிறேன். சொன்னால் வேலை போகும். பொடியைத் திருடியது, விதிமுறையை மீறியது எல்லாம் வெளியே வரும். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. சேட்டன் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவாரே... அந்த முகம் மாறுவதைப் பார்க்க என்னால் முடியாது. இவ்வளவு அற்பமான ஒரு பயம்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் அவரே போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிந்துவின் வீட்டில் சோறூணு, டீச்சர் வராமல் நடக்காது என்றார். சரி, இலை போடுவதற்கு முன்னால் போய் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சோதனை முடிவை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சுள்ளிக்கல்லில் இறங்கி நடக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'சேட்டா, அந்த அரிசி வேண்டாம். கடையில் வாங்கியது போதும். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.' இவ்வளவுதான். மூன்று வாக்கியம்.

பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டாகிவிட்டது.

சிறிய வீடு. முன்னறையில் விளக்கேற்றி, பாய் விரித்து, வாழை நாக்கிலையில் கொஞ்சம் சோறு, நெய், உப்பு, சர்க்கரை, ஒரு பழம். சேட்டனின் மடியில் குழந்தை. கண்மை அப்பிய பெரிய கண்கள். அம்மு என்று கூப்பிடுகிறார்கள். சேட்டன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வந்தாச்சா? டீச்சரே, இங்கே வா. உனக்காகத்தான் காத்திருக்கோம்."

"சேட்டா, ஒரு நிமிஷம் வெளியே வரமுடியுமா?"

"குட்டி பசிச்சு இருக்கு. ஊட்டிட்டு வரேன். நீ இரி."

சிந்து என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்காரவைத்தாள். அவள் பேசுவது சுத்த மலையாளம், முடிந்தவரை தமிழாக்குகிறேன். "சேச்சிதான் முதல்ல கொடுக்கணும். அச்சன் சொல்லியிருக்கார். சேச்சி இல்லேன்னா இந்த நெல்லே இல்லையாமே."

வழக்கப்படி தாத்தாவோ அப்பாவோ மாமனோதான் முதலில் ஊட்டுவார்கள். அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுக்கத் தயாராக நின்றார்கள். பை என் மடியில் இருந்தது. அதற்குள் காகிதம்.

அந்த நேரத்தில் என் மூளை என்ன செய்தது தெரியுமா? எனக்காக வாதாடியது. ஒரு வாய்ச் சோற்றால் ஒன்றும் ஆகாது, காட்மியம் அப்படிக் கொல்லாது, வருடக்கணக்காகத் தின்றால்தான் சேரும் என்றது. அது உண்மைதான். என் படிப்பு முழுவதும் அந்த ஒரு நொடியில் எனக்குத் துணைக்கு வந்து நின்றது.

இரண்டு பருக்கையை நெய்யில் தொட்டு, அம்முவின் உதட்டில் வைத்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள். இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். இன்னும் இரண்டு பருக்கை கொடுத்தேன்.

சேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நினைவு வந்தவராக, "டீச்சர் என்னமோ சொல்ல வந்தியே?" என்றார்.

"ஒண்ணுமில்ல சேட்டா. குட்டிக்குச் சின்ன மோதிரம் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். அதைத்தான்..."

மோதிரம் பையில் இருந்தது உண்மை. அதை எடுக்கும்போது காகிதத்தின் முனை விரலில் பட்டது.

கிளம்பும்போது துணிப்பை ஒன்றில் ஐந்து கிலோ அரிசி கொடுத்தார். அதே நெல்லைக் குத்திய அரிசி. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது சொல்லப்போவதைத்தான் எழுதப் பயந்துகொண்டிருந்தேன். அந்த அரிசி என் வீட்டு உலையில் ஒரு நாள்கூட விழவில்லை. வந்த அன்றே ஒரு தகர டின்னில் கொட்டி, மூடி, பரணில் ஏற்றிவிட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட முடியாதபடி நானே சாட்சி வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கண்ணன் கேட்டார்: "சேட்டன் தந்த அரிசி என்னாச்சு? ஒரு நாள் கஞ்சி வையேன்."

"அதில வண்டு விழுந்திருக்கு."

"புது அரிசியிலயா?"

"ஆமா."

"அப்ப புறாக்களுக்காவது போட்டுடு." எங்கள் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது, தினமும் புறாக்களுக்குத் தானியம் இறைப்பார்கள். எனக்கு அந்த யோசனை முன்பே வந்து, அதற்கும் பயந்து விட்டுவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது! என் கணவருக்கு வேண்டாம், புறாவுக்கும் வேண்டாம். அம்முவுக்கு மட்டும் போகலாமா? நான் யார்? எப்படிப்பட்ட பெண் நான்?

சில அரைகுறைக் காரியங்கள் செய்தேன். சிந்துவுக்குப் போன் போட்டு, குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ரொம்ப நல்லது, அரிசியைக் குறைத்துக்கொள் என்றேன். சோற்றை நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்துவிடு என்றேன். அப்படிச் செய்தால் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான்.

"எல்லாம் செய்றேன் சேச்சி. ஆனா அச்சனோட நெல்லு இருக்கச்சே வேற எதைக் கொடுக்க? ஒரு வருஷத்துக்கு இருக்கு" என்று சிரித்தாள்.

ஒரு வருஷத்துக்கு இருக்கு... போனை வைத்துவிட்டு மாதங்களை விரல்விட்டு எண்ணினேன்.

இந்த உலோகம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சீக்கிரம் வெளியேறாது. இன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல வருடங்கள் கழித்து ஏதோ ஒரு பரிசோதனையில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஒருவேளை ஒன்றுமே ஆகாது. அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டுதான் நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அம்முவுக்கு முப்பது வயதாகும்போது எனக்கு எழுபத்து மூன்று. அதுவரை உயிரோடிருந்து அதைப் பார்த்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பார்க்காமல் செத்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற சாதாரணக் காய்ச்சல். டயப்பர் நனைகிறதா, எத்தனை தடவை நனைகிறது, என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டுச் சிந்துவைக் குடைந்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "என் அம்மா இருந்தாக்கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டா" என்றாள். அவள் அம்மா இறந்து வருடங்களாகின்றன. நான் அந்தப் பாசத்தையும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல அதற்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

இப்போது மறுபடியும் கன்னி மாதம் வந்துவிட்டது. விதைக்கிற காலம்.

பத்து நாளைக்கு முன்னால் சேட்டன் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை தனியாக இல்லை. அதே ஆற்றோரத்தில் வயல் வைத்திருக்கிற மூன்று பேர் கூட வந்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இவங்களுக்கும் அந்த மருந்து வேணும், டீச்சரே. என் கண்டத்தைக் கண்டு வந்திருக்காங்க."

"மருந்து தீர்ந்துபோச்சு சேட்டா."

"வரும்தானே?"

"இனிமே வராது. ஆய்வு முடிஞ்சாச்சு."

அவர் முகத்தில் கோபம் இல்லை. "சாரமில்லை, போகட்டும். உன் சாரை நானே வந்து கேட்கறேன். அடுத்த வாரம் வரேன். என் வயல் முழுக்க விளைஞ்சதைச் சொன்னா அந்த மனுஷன் தராம இருப்பானா?"

அவர் சாரிடம் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வயல் முழுக்கவா என்று சார் கேட்பார். ஆமாம் சார், வீட்டில் இன்னும் பாதி பத்தாயம் இருக்கிறது என்று இவர் சந்தோஷமாகச் சொல்வார்.

அவர் வாயால் அது வெளியே வருவதற்கு முன் நானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சேட்டன் மகள் வீட்டில்தான் இருப்பார் என்று தெரியும். அதே காகிதத்தை எடுத்துக்கொண்டேன். மடிப்புகளில் எழுத்து மங்கிவிட்டது, ஆனால் எண்கள் தெரிகின்றன. கண்ணனிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். "போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

நான் போனபோது சேட்டன் குளித்துக்கொண்டிருந்தார். இப்போது வந்துவிடுவார் என்று சிந்து சொன்னாள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை பையில் வைக்கவில்லை.

அம்மு உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பதின்மூன்று மாதம். என்னைக் கண்டதும் நின்று, ஆவென்று வாயைத் திறந்தாள்.

சிந்து சிரித்தாள். "பாருங்க சேச்சி! முதல் சோறு கொடுத்த அம்மாயி இதுதான்னு தினமும் போனில் அந்தப் படத்தைக் காட்டுவேன். அம்மாயின்னு சொன்னாலே இப்படி வாயைத் திறந்துடறா. ரெண்டு நாளாச் சாப்பாடே இறங்கலை. எங்க கையால வேண்டாங்கறா. சேச்சி கொடுத்தா தின்னுவா." அம்மாயி என்றால் மலையாளத்தில் அத்தை.

சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். குழைய வேகவைத்து, வடித்து, மோர் விட்டுப் பிசைந்த சோறு. நான் சொன்னபடியே வடித்திருந்தாள். கிண்ணத்தை வாங்குவதற்காகக் காகிதத்தை மடியில் வைத்தேன்.

இது அந்த அரிசியா என்று கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த வீட்டில் வேறு அரிசி கிடையாது.

குளியலறைக் கதவு திறந்தது. சேட்டன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். என் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "இது என்ன, டீச்சரே?"

அம்மு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். கீழே நான்கு பல், மேலே இரண்டு.

"ஒண்ணுமில்ல சேட்டா. பஸ்ஸில கொடுத்த நோட்டீஸ்" என்றேன்.

பிறகு அவளுக்கு ஊட்டினேன். கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினேன்.